ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

திருச்சுழியில் உறையும் இறைவனுக்குத் திருமேனிநாதர் என்று பெயர். அச்சந்நிதிக்கு எங்கள் அப்பா முழுக்கைச் சட்டையின்மேல் துண்டும் போர்த்திக்கொண்டு போவார்; தூணோரம் நின்று கும்பிட்டுத் திரும்பிவிடுவார். முழங்கையிலும் முதுகிலும் வெள்ளிச் செதில்களாய் உதிரும் காளாஞ்சகப்படை. ஆங்கில மருத்துவத்தில் சொரியாசிஸ். உடலின் காவற்படையே தடம்புரண்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோலைச் சில நாட்களிலேயே விளையச் செய்துவிடும் நோய். தொற்றாது. ஆனால் ஊருக்கு அது ஒட்டுவாரொட்டிதான். ஊரை மட்டும் சொல்வானேன்? அவருடைய டம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்தவர்கள் நாங்கள்.

அருப்புக்கோட்டையில் தறியில் அமர்ந்து பிழைத்தவர் அவர். முதல் வைத்தியம் அம்மாவுடையது. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைப்பாள். எண்ணெய் கருநீலமாக ஏறும். இக்கரிசல் பூமியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அரிப்பு தணியும்; மார்கழிக் குளிரில் மீண்டும் வெடிக்கும்.

வெயிலே மருந்தாவது புதிதன்று. கார்போகரிசியில் உள்ள சோராலென் என்னும் பொருளை உட்கொள்ளச் செய்து, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் முறையை 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். இப்போது 311 நானோமீட்டர் கதிர் போதும், சோராலென் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதுரைக்குப் பேருந்தேறினால் தறி என்னாவது? விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல்தான்.

ஆகவே மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழுவிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பம் அது. புற்றுநோய்க்கென வந்தது, 1951இல் அதன் உடன்பிறப்பான அமினோப்டெரின் சொரியாசிசையும் அடக்குவதைக் கண்டார்கள்.

சீட்டில் வாரம் ஒருமுறை என்றே எழுதியிருந்தது. நாங்கள்தான் தினம் ஒன்றாகக் கொடுத்தோம். மாத்திரை என்றால் தினமும் விழுங்குவது என்பதற்குமேல் எங்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை. ஆறாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர் இறங்கவில்லை, காய்ச்சல். இரத்த அணுக்கள் சரிந்திருந்தன. மருத்துவமனை வராந்தாவில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்பும் கொல்லும் என்பதை அந்த இரவுகளில் அறிந்தோம்.

பிழைத்தெழுந்தார். சில மாதங்கள் கழித்து, மருத்துவரின் கண்காணிப்பில், அதே மருந்தைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். ஞாயிறு மட்டும் அது. வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். குறித்த இடைவெளியில் இரத்தமும் ஈரலும் சோதனை. அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் ஊசிகளும் இன்று உண்டு. பெங்களூரிலேயே 2013இல் ஒன்று வந்தது. அவற்றின் விலை எங்கள் தறிக்கு எட்டாது.

நோய் தீரவில்லை, அடங்கியிருக்கிறது. அடுக்களையில் டம்ளர்கள் கலந்து கிடக்கின்றன. நாட்காட்டியில் ஞாயிறுகளைச் சுழித்து வைத்திருக்கிறோம். ஆயினும் மாத்திரையை உள்ளங்கையில் வாங்கியதும் அப்பா ஒவ்வொரு முறையும் கேட்கிறார்:

"இன்னைக்குத்தானய்யா?"