பெட்டி தேடிய படலம்

டில்லிக்குப் படிக்க வந்த தமிழனுக்கு இரண்டு பசி உண்டு. ஒன்று வயிற்றுப் பசி. சாம்பார் சாதம் கிடைத்தால் தீர்ந்துவிடும். மற்றது காதின் பசி. அதைக் கைப்பேசியின் கீச்சுக் குரலால் தீர்க்க நினைப்பது, கல்யாண வீட்டுப் பந்தியைத் தெருவிலே நின்று மோப்பம் பிடிப்பதற்குச் சமானம். ஆகவே, உபகாரச் சம்பளத்தில் ஓராண்டாய் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, எங்கள் மொட்டைமாடி அறையின் புத்தக அலமாரியில் அடங்கக்கூடிய ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்குவதென்று தீர்மானித்தேன்.

"இத்தனை சின்னப் பெட்டியில் என்னடா வந்துவிடப் போகிறது?" என்றான் அறை நண்பன். நியாயமான கேள்விதான். ஆழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சின்னக் கூம்புக்கு அவ்வளவு சக்தி ஏது? ஆனால் 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பவர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக வேலை வாங்கி, அளவான பெட்டியிலும் ஆழ்ந்த நாதத்தை வரவழைத்துக் காட்டினார். 1970-களில் பி.பி.சி. பொறியாளர்கள், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்கென்று எல்.எஸ். 3/5ஏ என்ற பெட்டியைச் செய்தார்கள். உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19. அதில் டமாரம் அதிராது. ஆனால் மனிதக் குரல் மனிதக் குரலாகவே கேட்கும்.

கணக்கும் இதற்கு அனுசரணையே. ஐந்து கட்டைச் சுருதியில் ஆதார ஷட்ஜம் விநாடிக்கு ஏறக்குறைய 196 அதிர்வுகள். மந்தர பஞ்சமம் 147. நல்ல சிறு பெட்டி 70 வரை இறங்கும். ஆகையால் பாட்டு முழுசாய் வந்து சேரும். குறைவது சினிமாப் பாட்டின் இடிமுழக்கம் மட்டுமே. அதைக் கீழ்வீட்டுக்காரர் ஒரு குறையாகச் சொல்லமாட்டார்!

கடைக்காரர் தாமே தேர்ந்தெடுத்த பாட்டைப் போட்டார். எல்லாப் பெட்டியிலும் அது இனித்தது. பிறகு என் கைப்பேசியிலிருந்த ஒரு பதிவைப் போடச் சொன்னேன். அம்மா அடுக்களையில் பாடியது. வயது ஏறியதிலிருந்து, மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது அவள் குரலில் ஒரு சின்னக் கீறல் விழும். முதல் ஜோடி அதைப் பூசி மெழுகிவிட்டது. யாரோ மேடைப் பாடகி போல அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது என் அம்மா இல்லை. இரண்டாவது ஜோடியில் கீறல் கேட்டது. பின்னால் குக்கரும் கேட்டது. விலையோ ஆயிரம் ரூபாய் அதிகம். பொங்கலுக்கு ஊர் போக எண்ணியிருந்த ஏ.ஸி. டிக்கெட்டு ஸ்லீப்பர் டிக்கெட்டாய்ச் சுருங்கியது. வாங்கிவிட்டேன்.

அனுபவத்தில் கண்ட சில விஷயங்கள். பின்புறம் துளையுள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கீழ் ஸ்வரங்கள் வீங்கிக் குழம்பும். உச்ச ஒலி தரும் சின்னக் கூம்பு காது மட்டத்தில் இருக்கட்டும். இரு பெட்டிகளுக்கு நடுவேயுள்ள தூரமும், அவற்றிலிருந்து நாம் உட்காரும் தூரமும் ஏறக்குறைய சமமாக இருப்பது நலம். விளம்பரத்தின் வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். சக்தி இரட்டித்தாலும் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். சின்ன அறைக்குச் சில வாட்டே தாராளம்.

நண்பர்களே, பெட்டி வாங்கப் போகும்போது பணத்தோடு, உங்களுக்கு நன்றாய்த் தெரிந்த ஒரு குரலையும் எடுத்துப் போங்கள். அந்தக் குரலின் குறையையும் சேர்த்துக் கொடுக்கும் பெட்டியை நம்பி வாங்கலாம்.