மயிலிட்டியில் ஓரிரவு

மல்லாகத்திலிருந்து மயிலிட்டிக்கு ஓட்டோவில் அரை மணித்தியாலம் கூட இல்லை. அந்த அரை மணித்தியாலத்துக்காக நாங்கள் 27 வருடங்கள் காத்திருந்தோம்.

1990 ஆனியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்கு வயது 11. இரண்டு நாளில் திரும்பலாம் என்றுதான் அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். 2017 ஆடி 3ஆம் திகதி துறைமுகத்தோடு சேர்த்து ஒரு பகுதிக் காணியை விட்டார்கள். அதைப் பார்க்க அம்மா இருக்கவில்லை.

முகாமில் இருந்த காலம் முழுவதும் எனக்கு ஒரே கனவுதான். எங்கள் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருப்பேன். கிணறு, பூவரசு, அப்பாவின் வலை எல்லாம் அதது இருந்த இடத்தில் இருக்கும். ஆனாலும் ஏதோ ஒன்று குறையும். எழும்பித் தேடுவேன், விழிப்பு வந்துவிடும். உங்களிலும் பலருக்கு இப்படியொரு கனவு இருக்கும். வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று நாங்கள் சொல்வதில்லை.

சின்ன வயதில் நான் அழுது எழும்பினால், படங்குக்குக் கீழே அம்மா முதுகில் தட்டுவார். "கண்ணை மூடு பிள்ளை, கடல் கேட்குதே?" என்பார். மல்லாகத்தில் ஏது கடல்? அவரே வாயால் "உஸ்ஸ்... உஸ்ஸ்..." என்று இரைவார். வெற்றிலை மணத்தோடு அந்தக் காற்று காதில் படும்.

பற்றை வெட்டித் தகரக் கொட்டில் போட்டபின், ஒரு சனிக்கிழமை மகளோடு அங்கே தங்கினேன். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல் மட்டும் மிச்சம். பக்கத்துக் காணிகள் சில அன்றும் கம்பிவேலிக்குள்தான். இரவில் கடல் நன்றாக இரைந்தது. இதற்காகத்தானே இவ்வளவு காலம் ஏங்கினேன்? ஆனால் நித்திரை வரவில்லை. கடல் இருந்தது, வெற்றிலை மணம் இல்லை.

ஒன்பது வயது மகளும் புரண்டு புரண்டு படுத்தாள்.

"அம்மா, என்ன இந்தச் சத்தம்? பயமாக் கிடக்கு. மல்லாகத்துக்குப் போவம்."

அவள் முதுகில் தட்டினேன். என்னையறியாமல் வாயால் இரையத் தொடங்கினேன். கடலோடு சேர்ந்து கொஞ்ச நேரம் இரைந்திருப்பேன். அவள் உறங்கிவிட்டாள்.

விடிந்ததும் குப்பை நிறைந்த கிணற்றைத் துப்பரவாக்கி இறைக்க ஆள் தேடிப் போனேன்.