கடைசி நாளும் பாட்டியின் மோரும்

சென்ற பாஸ்கா திருவிழிப்பு இரவில் அம்மாவும் நானும் திருமுழுக்குப் பெற்றோம். பாட்டி பெறவில்லை. புது விவிலியத்தில் ஆவலோடு கடைசி நூலைத் திறந்தேன். திருவெளிப்பாடு! ஏழுதலைப் பாம்பு, நான்கு குதிரைகள், 666 என்ற எண். அந்த வாரமே ஃபேர்லேண்ட்ஸ் கடைவீதியில் ஒருவர் கொடுத்த துண்டுத்தாளில் உலக முடிவின் ஆண்டே அச்சாகியிருந்தது. பாட்டி என்ன ஆவார் என்று இரவெல்லாம் அழுதேன்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"முதலில் நற்செய்தியைப் படி. பிறகு தானியேல் நூலைப் படி. விலங்குகள் பேரரசுகளைக் குறிப்பது புரியும். உரோமை ஆட்சியில் துன்புற்ற ஏழு சபைகளுக்கு ஆறுதலாக வந்தது திருவெளிப்பாடு. நாள் குறித்தவர்கள் ஏமாந்தே போனார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்தார்கள். மறுநாளும் பொழுது விடிந்தது. அந்த நாள் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்பதை மாற்கு 13ஆம் அதிகாரத்தில் பார்" என்றார்.

"பாட்டி?" என்றேன்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை எடுத்துத் தந்தார். தீர்ப்பு நாளில் ஆண்டவர் பார்ப்பது, பசித்தவருக்குச் சோறும் தாகமுற்றவருக்குத் தண்ணீரும் கொடுத்தோமா என்பதையே. கத்திரி வெயிலில் தபால்காரருக்கும் குப்பை வண்டி அக்காவுக்கும் பாட்டி ஊற்றும் மோர் நினைவுக்கு வந்தது.

"தீர்ப்பு ஆண்டவருடையது. நீ போய் மோர்ச்செம்பைத் தூக்கு" என்றார் சிஸ்டர்.

தோழியரே, இப்போது அந்நூலை விளக்கவுரையோடு மெதுவாகப் படிக்கிறேன். அதன் முடிவில், கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் புதிய நகரம் இருக்கிறது. அன்று பயத்தில் அதுவரை நான் படிக்கவே இல்லை!