பெட்டி புதுசு... படம் அதேதானே?

டி.வி-யில் புதுசாக ஏதாவது வந்தால் நம் மக்கள் லேசில் வாங்க மாட்டார்கள், ஒவ்வொரு ரூபாய்க்கும் யோசிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை.

1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருடம், தூர்தர்ஷன் கலர் ஒளிபரப்பைத் தொடங்கியது. பழைய கறுப்பு வெள்ளை டி.வி-யிலும் அதே நிகழ்ச்சிகள் தெரிந்தன. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் சீட்டு போட்டும் தவணை கட்டியும் குடும்பங்கள் மெல்ல மெல்ல கலருக்கு மாறின. பக்கத்து வீட்டு டி.வி-யில் பச்சைப் புடவை பச்சையாகவே தெரிந்தால், நம் வீட்டுச் சாம்பல் நிறத்தில் எப்படி மனசு ஒட்டும்?

2003 செப்டம்பரில் சென்னைக்கு செட்டாப் பாக்ஸ் வந்தபோது கதையே வேறு. பெட்டி இல்லாவிட்டால் கட்டணச் சேனல்கள் வராது. 'நேத்து வரைக்கும் வந்த சீரியலுக்கு இன்னைக்கு எதுக்குப் பெட்டி?' என்பதுதான் வீட்டுக்கு வீடு கேள்வி. பல வீடுகள் இலவசச் சேனல்களே போதும் என்று இருந்துவிட்டன.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. டிஜிட்டலுக்கு மாறினால், ஒரு சேனல் போன இடத்தில் பல சேனல்களை அனுப்பலாம். எத்தனை வீட்டில் இணைப்பு இருக்கிறது என்ற கணக்கும் துல்லியமாகக் கிடைக்கும். இரண்டுமே முதலில் ஒளிபரப்புகிறவர்களுக்கு லாபம். செலவு மட்டும் பார்க்கிறவர் தலையில்!

பின்னாளில், 2017-ல் தமிழக அரசு கேபிள் நிறுவனம் பெட்டியை இலவசமாகவே கொடுத்தது. காசுப் பிரச்னை தீர்ந்தது. ஆனால், என் அம்மாவின் பிரச்னை காசு இல்லை.

எங்கள் வீட்டில் பாக்ஸ் மாட்டியதும் ரிமோட் இரண்டானது. எதையாவது மாற்றி அழுத்திவிட்டால் திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று நிற்கும். அத்தனை வருடம் தானே டி.வி போட்டுப் பார்த்தவர், பேரன் ஸ்கூல் விட்டு வரும்வரை காத்திருக்க ஆரம்பித்தார். "பழைய டி.வி-யில நானே போட்டுக்குவேன்டா" என்றார் ஒருநாள். புதுப் பெட்டி வேண்டாம் என்று அவர் அடம்பிடித்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களும் 'பழசே போதும்' என்கிறார்களா? கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் பார்க்கும் சேனல்களின் எண்களை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி டி.வி பக்கத்தில் ஒட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையாலேயே நாலு நாள் போடச் சொல்லுங்கள். பெட்டிக்குக் கொடுக்கிற காசைவிட, இதுதான் முக்கியம்.