பழைய வண்டிக்குப் புதுக் கால்

என் சித்தப்பா வேலைக்குப் போன புதிதில், 2009-ல், வாங்கிய வண்டி யமஹா ஆர்15. இந்தியாவுக்கு அது வந்ததே 2008-ல்தான். 150 சிசி வண்டியில் தண்ணீரால் குளிரும் இன்ஜின், டெல்டாபாக்ஸ் பிரேம் என்றெல்லாம் அப்போது ரோட்டில் நின்று பார்ப்பார்களாம். அவர் தோஹா போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, "ஓட்டுடா, ஆனா பாத்து ஓட்டு" என்றார். முதல் வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது :-)

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024 மழைக்காலம். அவினாசி ரோட்டில் தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்றில் முன் சக்கரம் 'டமார்' என்று இறங்கியது. விழவில்லை. ஆனால் ஹேண்டிலை நேராகப் பிடித்தால் சக்கரம் இடப்பக்கம் பார்த்தது. எங்கள் மெக்கானிக் அண்ணன் ஃபோர்க் பைப்பைக் கழற்றி கண்ணாடி மேல் உருட்டிக் காட்டினார். இரண்டும் வளைந்திருந்தன.

"ஒரிஜினல் பைப் ரெண்டு போட்டுக்கலாம் தம்பி. வர நாலஞ்சு நாள் ஆகும்."

அந்த நாலஞ்சு நாள்தான் வினையாகிப் போனது. 2021-ல் இங்கே வந்த ஆர்15 நாலாவது மாடலில் தங்க நிறத்தில் தலைகீழ் ஃபோர்க் இருக்கும். பார்த்திருப்பீர்கள். சாதாரண ஃபோர்க்கில் மெல்லிய பைப் மேலே, தடித்த பகுதி சக்கரத்தின் பக்கம். இதில் அப்படியே உல்டா. தடித்த குழாயை 'டி' பிடித்துக்கொள்வதால் பிரேக் அடிக்கும்போது வளைந்து கொடுப்பது குறைவு. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு வேறு காரணம் வேண்டுமா? உண்மையான காரணம் தங்க நிறம்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

புது மாடல்களுக்கென்று வெளியில் செய்து விற்கும் ஒரு செட்டை, சேர்த்து வைத்திருந்த பணம் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மேல் டி, கீழ் டி, ஃபோர்க் இரண்டு, ஆக்சில் எல்லாம் அதில் உண்டு. "அப்படியே உக்காரும்" என்றார் விற்றவர்.

உட்காரவில்லை.

முதல் பிரச்சினை, கீழ் டியிலிருந்து மேலே போகும் தண்டு. அதுதான் பிரேமின் கழுத்துக்குள் நுழைந்து கோன் செட் பேரிங்கில் சுழலுவது. புதுத் தண்டின் நீளமும் வேறு, பேரிங் உட்காரும் இடத்தின் தடிமனும் வேறு. பழைய தண்டை வெட்டி வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். மெக்கானிக் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்த வெல்டிங் விட்டுச்சுன்னா முன் சக்கரம் தனியாப் போகும், நீங்க தனியாப் போவீங்க." கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஈ.என்.24 எஃகில் புதுத் தண்டு கடைந்து, பிரஸ்ஸில் வைத்து ஏற்றினோம். அதுவரை சரி.

வண்டி பார்க்க அட்டகாசமாக இருந்தது. காலேஜில் இரண்டு நாள் நான்தான் ஹீரோ. மூன்றாம் நாள் நீலாம்பூர் பைபாஸில் 80 தொட்டதும் ஹேண்டில் 'படபட'வென்று ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தால் நிற்கும், கூட்டினால் திரும்ப வரும்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். ஆக்சிலிலிருந்து மேல் டி வரை புது ஃபோர்க் பழையதைவிட 22 மி.மீ. குட்டை. 22 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வண்டியின் இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 1290 மி.மீ. முன்பக்கம் 22 இறங்கினால் மொத்த வண்டியும் ஏறக்குறைய ஒரு டிகிரி குனிகிறது. கழுத்தின் சாய்வு ஒரு டிகிரி குறைந்து நிமிர்கிறது.

இங்கேதான் 'டிரெயில்' என்ற சங்கதி வருகிறது. கழுத்தின் வழியாக ஒரு கோடு கிழித்து அதைத் தரை வரை நீட்டுங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம், தள்ளும் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்வதும் இதனால்தான். டிரெயில் இருந்தால் சக்கரம் தானே நேராக வரும். குறைந்தால் வண்டி லேசாகத் திரும்பும், ஆனால் நேராக நிற்கும் புத்தி குறைந்துவிடும். ஒரு டிகிரிக்கு எனக்குப் போனது சுமார் 6 மி.மீ. புது டியில் ஃபோர்க் கழுத்தைவிட்டு முன்னால் தள்ளி நிற்கும் தூரமும் 5 மி.மீ. அதிகம், அதில் இன்னொரு 5 போயிற்று. பிரேக் அடித்தால் முன்பக்கம் இன்னும் குனியும், அப்போது இன்னும் குறையும்.

சரி, ஃபோர்க்கை டியில் கொஞ்சம் கீழே இறக்கி நீளத்தைக் கூட்டலாமே? ஏற்கனவே அது மேல் டியோடு சமமாக இருந்தது. இறக்க இடமே இல்லை. ஆனாலும் "மெதுவா ஓட்டினா போதும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த முட்டாள்தனத்துக்குத் தங்கச்சி விலை கொடுத்தாள்.

டியூஷனிலிருந்து அவளைக் கூட்டி வரும்போது ஒரு சந்தில் யூ டர்ன் அடித்தேன். ஹேண்டில் ஒரு அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க பிரேமில் ஒரு முட்டு இருக்கும், கீழ் டியில் அதற்கு ஜோடி இருக்கும். என் புது டியில் அந்த ஜோடி வேறு இடத்தில் இருந்தது. ஹேண்டில் நிற்காமல் போய் டேங்கில் இடித்தது, என் கட்டைவிரல் நடுவில். கையை எடுத்தேன், வண்டி சாய்ந்தது. நடக்கும் வேகம்தான். அவள் முழங்காலில் மட்டும் நல்ல சிராய்ப்பு. "ஒண்ணுமில்லண்ணா" என்று அவள் சொன்னதுதான் அன்று முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. இதே சங்கதி பைபாஸில் நடந்திருந்தால்?

அதே மாதம் வண்டிக்கு 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆய்வாளர் முன் சித்தப்பாவின் பெயரில் உள்ள வண்டியை இந்தக் கோலத்தில் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

மெக்கானிக் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. ஒரிஜினல் பைப் இரண்டும் அலமாரியிலேயே இருந்தன. "திரும்பி வருவீங்கன்னு தெரியும்" என்றார். பழைய ஃபோர்க்கைத் திறந்தபோது உள்ளிருந்து வந்த ஆயில் கஷாயம் மாதிரி கறுப்பாக இருந்தது. 15 வருஷமாக யாரும் மாற்றவில்லை! புது சீல், புது கோன் செட், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு 10 டபிள்யூ ஆயில். பைப்பில் ஒரு பிளாஸ்டிக் டேக்கைக் கட்டி, நான் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல அளவுதான்.

பைபாஸில் 80-ல் கோடு போட்ட மாதிரிப் போனது. பழைய ஃபோர்க் மேல் எனக்கிருந்த புகாரில் பாதி, மாற்றாத ஆயிலின் மேல் இருந்திருக்க வேண்டிய புகார்.

வாட்சப்பில் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாப்பாவுக்குக் கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தங்க நிறச் செட் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பாதி விலைக்குக் கேட்டார் ஒரு ஜூனியர். "உன் வண்டியில முதல்ல டேப்ப வெச்சு அளந்துட்டு வா" என்றேன். இன்னும் வரவில்லை.