பழைய டிரெய்லர் எப்போது விண்டேஜ் ஆகிறது?

டிரெய்லர் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று சினிமா டிரெய்லர். இன்னொன்று டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகும் டிரெய்லர். இது அந்த இரண்டும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் லீவு விட்டால் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டையே கோர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, சாப்பாட்டு மேசை, துணி அலமாரி எல்லாம் இருக்கும். ஏரிக்கரையிலோ தேசியப் பூங்காவிலோ நிறுத்திவிட்டு நாலு நாள் தங்கலாம். அதுதான் கேம்பிங் டிரெய்லர்.

இந்தக் குட்டி வீடுகளில் பழையவற்றுக்குப் பெரிய மவுசு. விளம்பரத்தில் 'விண்டேஜ்' என்று ஒரு சொல் சேர்ந்தால் போதும், விலை ஏறிவிடும். கொல்லையில் முப்பது வருஷம் மழையில் நனைந்து கிடந்ததும் விண்டேஜ்தான். உள்ளே இருந்த அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வெள்ளை பெயிண்ட் அடித்து, புது சோபா போட்டதும் விண்டேஜ்தான். புதிதாகவே செய்து பழைய மாதிரி தோற்றம் கொடுத்தது கூட விண்டேஜ்! அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் சேமிப்பை எடுத்துக் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கியவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால், அறுபது எழுபது வருஷம் தப்பிப் பிழைத்த ஒரு வண்டி இரண்டே வாரத்தில் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

வயது மட்டும் போதுமா?

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 25 வருஷம். பழைய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் வைத்திருப்பவர்களின் விண்டேஜ் ஏர்ஸ்ட்ரீம் கிளப்பும் இந்த 25 வருஷக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பழைய வாகனங்களுக்கான தனி நம்பர் பிளேட்டுக்கும் இதே வரம்புதான்.

சங்கம் நடத்த எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? தப்பில்லை. ஆனால் இந்தக் கணக்குப்படி 1999-ல் ஆலையை விட்டு வந்த டிரெய்லர் 2024-லேயே விண்டேஜ் ஆகிவிட்டது. 1936-ல் வந்ததும் விண்டேஜ், 1999-ல் வந்ததும் விண்டேஜ் என்றால், வயது என்பது வெறும் வாசல் கதவு மாதிரி. உள்ளே விடும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

தகட்டிலும் ரிவெட்டிலும் இருக்கும் காலம்

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, இந்த வண்டிகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1934-ல் ஹாலி பௌலஸ் என்ற கிளைடர் வடிவமைப்பாளர் 'ரோடு சீஃப்' என்ற அலுமினிய டிரெய்லரைச் செய்தார். லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தனியாகத் தாண்டிய விமானம் உருவான ரயன் ஆலையில் வேலை பார்த்தவர் இவர். அதனால் டிரெய்லரையும் விமானம் மாதிரியே கட்டினார். மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே விலா எலும்பு போல வளைவுகள், இரண்டையும் பிணைக்க வரிசை வரிசையாக ரிவெட். ஒரே குறை, கதவு முன்பக்கத்தில், காரோடு கோர்க்கும் இடத்துக்கு மேலேயே இருந்தது.

1936-ல் வாலி பையம் அதே வடிவத்தை எடுத்து, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்று விற்றார். பெயர் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கிளிப்பர் விமானங்களை நினைவுபடுத்துவது. விலை 1,200 டாலர். பொருளாதார மந்த காலத்தில் அது பெரிய தொகை.

பிறகு இரண்டாம் உலகப் போர். அலுமினியம் எல்லாம் போர் விமானங்களுக்குப் போனது, ஏர்ஸ்ட்ரீம் தயாரிப்பு நின்றது. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழ். விமான ஆலைகளில் தகடு இருக்கிறது, ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், விமானம் வாங்கத்தான் ஆள் இல்லை. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், எண்ணெய்ச் செல்வந்தர் ஜே. பால் கெட்டி நடத்திய ஸ்பார்டன் விமானக் கம்பெனி டிரெய்லர் செய்ய இறங்கியது இப்படித்தான்.

1950-களில் சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் சின்ன டிரெய்லர்கள் பெருகின. இவற்றில் விமானத் தொழில்நுட்பம் எல்லாம் கிடையாது. மரச்சட்டம் கட்டி, உள்பக்கம் பர்ச் மர பிளைவுட் அடித்து, வெளியே மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தியவை. பக்கவாட்டில் பார்த்தால் டின்னில் அடைத்து விற்கும் பன்றித்தொடை மாதிரி இருப்பதால் 'கேன்ட் ஹாம்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. 1968-ல் கனடாவின் வின்னிபெக்கில் 'போலர்' வந்தது. மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளை வார்த்து ஒட்டிய முட்டை அது.

கவனித்தீர்களா? ஒவ்வொன்றும் தன் காலத்தில் என்ன பொருள் கிடைத்தது, யாருக்கு என்ன வேலை தெரிந்திருந்தது, வாங்குபவர் கையில் எவ்வளவு காசு இருந்தது என்பதைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் ரிவெட்டைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, முன்னும் பின்னும் வளைவில் எத்தனை தகடு சேர்த்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தே ஏர்ஸ்ட்ரீமின் காலத்தைக் கிட்டத்தட்ட சொல்லிவிடுவார்கள். இப்படிப் படிக்க முடிகிற வரைக்கும்தான் ஒரு டிரெய்லர் உண்மையில் விண்டேஜ். படிக்க முடியாதபடி அழித்துவிட்டால் அது வெறும் பழைய சாமான்.

தோற்றம் ஏமாற்றும்

ஷாஸ்டா என்ற கம்பெனியின் பழைய டிரெய்லர்களுக்குப் பின்பக்கம் இரண்டு சின்னச் சிறகுகள் உண்டு. பார்த்த உடனே அடையாளம் தெரியும். 2015-ல் அந்தப் பெயரில் 1961-ஆம் வருட 'ஏர்ஃப்ளைட்' மாடலை மறுபடி தயாரித்தார்கள். அதே வடிவம், அதே சிறகு. எண்ணிக்கை 1,941. ஷாஸ்டா தொடங்கிய வருஷம் 1941 என்பதால் அந்தக் கணக்கு!

அழகான வண்டிதான், ஆசைப்பட்டு வாங்கியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் உள்ளே இருப்பது 2015-ன் பொருளும் 2015-ன் வேலையும். 2040-ல் அதற்கும் 25 வயது முடியும். அப்போது அதையும் விண்டேஜ் என்று சொல்லலாம். 1961-க்குச் சாட்சியாக அல்ல, 2015-ல் மக்கள் 1961-ஐ நினைத்து எவ்வளவு ஏங்கினார்கள் என்பதற்குச் சாட்சியாக.

மின்னுவதெல்லாம்...

பழைய ஏர்ஸ்ட்ரீம் என்றாலே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் ஆலையிலிருந்து வந்தபோது பெரும்பாலானவை அப்படி மின்னவில்லை. வெள்ளி நிறத்தில் மென்மையான ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். இன்று பார்க்கிற கண்ணாடி மினுக்கம் பின்னாளில் மணிக்கணக்காக பஃபிங் செய்து வரவழைத்தது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அந்தக் காலத் தகடு பல வண்டிகளில் ஆல்கிளாட் என்ற வகை. நடுவில் பலமான அலுமினியக் கலப்பு உலோகம், மேலே அரிப்பைத் தடுக்கத் தூய அலுமினியத்தில் ஒரு மெல்லிய தோல். பஃபிங் சக்கரம் தேய்ப்பது அந்தத் தோலைத்தான். மினுக்கம் காற்றுபட்டு மங்கும், மறுபடி தேய்க்க வேண்டும், தோல் இன்னும் மெலியும். அழகுக்காகச் செய்வது ஆயுளைத் தின்கிறது.

கீழே குனிந்து பார்த்தால்

வாங்கப் போகிறவர்கள் மேலே பார்த்து மயங்குவார்கள். கீழே குனிந்து பார்ப்பவர் குறைவு. ஏர்ஸ்ட்ரீமில் கீழே இரும்புச் சேசிஸ், மேலே அலுமினியக் கூடு, இரண்டுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி பிளைவுட் தளம். ஜன்னல் ஓரம், கூரைத் துளை, பின்விளக்கு என்று எங்கே ஒழுகினாலும் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது அந்த பிளைவுட்டின் விளிம்புக்கு. அது உளுத்துப் போனால் கூட்டுக்கும் சேசிஸுக்கும் உள்ள பிடி விட்டுப்போகும். பின் பம்பரில் ஏறி நின்று அழுத்திப் பார்ப்பது ஒரு பழைய சோதனை. பம்பர் மட்டும் கீழே இறங்கி, கூடு அசையாமல் நின்றால், இரண்டும் தனித்தனியாகிவிட்டன என்று அர்த்தம். மேலே எவ்வளவு பூசி மெழுகியிருந்தாலும் பயனில்லை.

கேன்ட் ஹாமில் இன்னும் மோசம். தகட்டைக் கழற்றினால் உள்ளே மரச்சட்டம் மாவு மாதிரி உதிரும். தகடுதான் இத்தனை நாள் வண்டியைத் தாங்கிப் பிடித்திருக்கும்!

இங்கேதான் கஷ்டமான கேள்வி வருகிறது. தளத்தை மாற்றி, சட்டத்தை மாற்றி, சேசிஸுக்கு வெல்டிங் வைத்தால் மிச்சம் இருப்பது அதே டிரெய்லர்தானா?

பதில், எப்படி மாற்றுகிறார்கள் என்பதில் இருக்கிறது. உளுத்த துண்டையே அச்சாக வைத்து அளவெடுத்து, அதே மரத்தில், அதே மாதிரி செய்து, அதே இடத்தில் பொருத்துபவர் அந்த வண்டியைக் காப்பாற்றுகிறார். பிளைவுட் என்றைக்காவது உளுக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இடத்தில் ஏன் அந்த வளைவு, ஏன் அந்த மூட்டு என்பது அழியாமல் இருக்கிறது. காப்பாற்றக் கூடிய துண்டையும் சேர்த்து வீசிவிட்டு, எது சுலபமோ அதைப் போட்டு மூடுபவர் பழைய தோலுக்குள் புது வண்டி செய்கிறார். அதுவும் ஒரு வேலைதான். ஆனால் அதற்கு விண்டேஜ் என்று விலை சொல்லக் கூடாது.

உள்ளே பிடுங்கிவிட்டு காபிக் கடையாகவும் மதுக்கடையாகவும் மாற்றுவது இதன் அடுத்த படி. இற்றுப்போய், எப்படியும் உடைக்கப் போகிற வண்டிக்கு அது மறுபிறவி. ஆனால் ஐஸ்பெட்டியும், இரவில் படுக்கையாக மாறும் மேசையும், வருஷக்கணக்கில் தேன் நிறமாகப் பழுத்த பர்ச் பலகையும் அப்படியே இருக்கும் வண்டியை அப்படிச் செய்தால் இழப்பு பெரிது. அந்தப் பலகையின் பின்பக்கத்தில் சில நேரம் ஆலைத் தொழிலாளி பென்சிலில் குறித்த அளவுகள் கூட இருக்கும். குப்பைக்குப் போனால் திரும்பி வராது.

எதையும் தொடக் கூடாதா?

அதற்காக அப்படியே பூட்டி வைக்க வேண்டும் என்பதும் இல்லை. டிரெய்லர் ரோட்டில் போவதற்காகப் பிறந்தது. பழைய டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் வயதாகிவிட்டால் வெடிக்கும். பழைய பிரேக், விரிசல் விட்ட ஒயர், கசியும் கேஸ் குழாய் இவற்றையெல்லாம் 'ஒரிஜினல்' என்று கும்பிட்டுக்கொண்டு அதற்குள் குழந்தைகளைத் தூங்க வைக்க முடியாது. புகை வெளியே போக வழியில்லாத பழைய கேஸ் ஹீட்டர் ஆளையே கொல்லும். உயிர் சம்பந்தப்பட்டதை மாற்றியே ஆக வேண்டும். கழற்றியதை எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வைத்து, என்ன மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும், அடுத்து வாங்குபவருக்கு உண்மை தெரியும்.

சில மாற்றங்கள் தாமே சரித்திரம் ஆகிவிடுவதும் உண்டு. 1969-ல் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் தனிமைப்படுத்தி வைக்க நாசா பயன்படுத்தியது ஒரு ஏர்ஸ்ட்ரீமை மாற்றிச் செய்த கூண்டைத்தான். உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாதபடி எல்லாமே மாற்றப்பட்டது. அதே மாதிரி செய்த, அப்போலோ 12 பயணத்துக்குப் பயன்பட்ட கூண்டு பின்னாளில் அலபாமாவில் ஒரு மீன் வளர்ப்புப் பண்ணையில் கிடந்து கண்டெடுக்கப்பட்டு, ஹன்ட்ஸ்வில் விண்வெளி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இவற்றைப் 'பழையபடி' கேம்பிங் டிரெய்லராக மாற்றுகிறேன் என்று யாராவது கிளம்பினால் எப்படி இருக்கும்!

சாதாரணக் குடும்ப வண்டிக்கும் இது பொருந்தும். 1960-களில் ஒரு அப்பா பிள்ளைகளுக்காகச் சேர்த்து அடித்த மேல்படுக்கை ஆலையில் வந்தது இல்லைதான். ஆனாலும் அந்த வண்டியின் வாழ்க்கையில் அதற்கும் இடம் உண்டு.

ஆக, விண்டேஜ் என்று யாராவது விலை சொன்னால் மூன்று கேள்வி கேட்கலாம். இதில் எவ்வளவு அதன் காலத்து வேலை? மாற்றியது என்ன, ஏன்? ரோட்டில் பத்திரமாக ஓடி, இரவு பத்திரமாகத் தூங்க விடுமா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், பெயிண்ட் உரிந்திருந்தாலும் பரவாயில்லை. பதில் வராமல் பளபளப்பை மட்டும் காட்டினால், கீழே குனிந்து தளத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.