கரையில் பேசும், கடலில் பேசாது

ஆழ்வார்திருநகரி என்றதும் நண்பர்களுக்கு நம்மாழ்வாரும் உறங்காப்புளியும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அவற்றோடு ஈயம் உருகும் வாசனையும் நினைவுக்கு வரும். கோயிலுக்குப் போகும் வழியில், சித்தப்பாவின் ரேடியோ பழுதுபார்க்கும் கடை இருந்தது. இலங்கை வானொலி எங்கள் கரையோரத்தில் உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்ட காலத்தில், அந்தக் கடைக்கு வராத வால்வு ரேடியோவே இவ்வட்டாரத்தில் இல்லை எனலாம்.

ஆனால் சித்தப்பா கற்ற தொழில் வேறு. விமானப்படையில் ரேடியோ மெக்கானிக்காகப் பணியாற்றி விலகியபின், சென்னையில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் சிறு விமானங்களின் வயர்லெஸ் கருவிகளைப் பராமரித்து வந்தார். எண்பதுகளில் ஊர் திரும்பினார். இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்னவற்றிலிருந்துதான் விமான ரேடியோவைப் பற்றி நாங்கள் அறிந்துகொண்டோம்.

விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் பேசுகின்றன. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. உயரம் கூடக் கூடத் தொலைவும் கூடும். 10,000 அடி உயரத்தில் பறப்பவரின் குரல் சுமார் 225 கிலோமீட்டர் வரை எட்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்பவர் காதில் கீச்சொலிதான் விழும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் இரு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டதற்கு முந்தைய நொடிகளில் முக்கியமான சொற்களை மறைத்தது அத்தகையதொரு கீச்சொலியே.

வயர்லெஸ் செயலிழந்த விமானி செய்ய வேண்டியவை எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. டிரான்ஸ்பாண்டரில் 7600 என்ற எண்ணை இடவேண்டும். கோபுரத்திலிருந்து வரும் ஒளியைப் பார்க்கவேண்டும். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் பிற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். “செட்டு செத்துப்போறது பெரிய ஆபத்து இல்லடே. செத்தது தெரியாம இருக்கியே, அதுதான் ஆபத்து” என்பார் சித்தப்பா. யாரும் அழைக்காத அமைதியும், அழைத்தும் கேளாத அமைதியும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும் அல்லவா?

அவர் அடிக்கடி சொன்ன மற்றொன்று, மேஜையில் பழுதே காட்டாத கருவிகளைப் பற்றியது. சிறு விமானத்தின் ரேடியோ ஒரு தட்டுக்குள் செருகப்பட்டிருக்கும். உரிமையாளர் அதை உருவி எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார். மேஜையில் அது நன்றாகப் பேசும். பழுதோ தட்டின் பின்புற இணைப்பிலோ, ஆன்டெனா கேபிளிலோ, பேசும்போது அழுத்தும் பொத்தானிலோ, ஹெட்செட் செருகும் துளையிலோ இருக்கும். கருவி பட்டறைக்கு வந்துவிடும். பழுது விமானத்திலேயே தங்கிவிடும். ஆகவே, “ரேடியோ வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதிய புகாரை அவர் ஏற்பதில்லை. எந்த உயரத்தில், எந்தத் திசையில் திரும்பியபோது, என்ஜின் ஓடும்போதா நிற்கும்போதா, வெயிலில் நின்ற பிறகா என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பின்னரே திருப்புளியைக் கையில் எடுப்பாராம்.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் ஒருமுறை தவறினார். 2000களின் தொடக்கம் அது. அப்போது மீனவர்கள் படகுகளில் வி.எச்.எஃப். வயர்லெஸ் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலிலிருந்து ஒரு படகுக்காரர் தம் கருவியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்தார். சித்தப்பா ஆன்டெனாவுக்குப் பதிலாக மேஜையிலிருந்த சோதனைச் சுமையை இணைத்துப் பார்த்தார். எல்லா அளவும் சரியாக இருந்தது. “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லா இருக்கு” என்று காசு வாங்காமல் அனுப்பிவைத்தார்.

பத்து நாட்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். காற்று மாறிய ஒரு மாலையில் என்ஜின் நின்று, நான்கு பேர் விடியும்வரை மிதந்திருக்கிறார்கள். இரவெல்லாம் அழைத்தும் எவர் காதிலும் விழவில்லை. காலையில் வேறொரு படகு தற்செயலாகக் கண்டு இழுத்து வந்திருக்கிறது. அவர் கோபப்படவில்லை. “கரையில பேசுது அண்ணாச்சி, கடல்ல பேச மாட்டேங்குது” என்று மட்டும் சொன்னார்.

சித்தப்பா கடையைப் பூட்டிவிட்டு அவருடனேயே புறப்பட்டார்; எங்களில் இருவரும் உடன் சென்றோம். படகில் ஏறி ஆன்டெனா இணைப்பைத் திருகிக் கழற்றினார். உள்ளே உப்பு ஏறிச் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. கருவி தந்த சக்தியில் பெரும்பகுதி ஆன்டெனாவை எட்டவேயில்லை. பக்கத்துப் படகுக்குக் கேட்டது, தொலைவுக்குக் கேட்கவில்லை. கேபிளை வெட்டிப் புது இணைப்பு வைத்து, நீர் புகாதபடி நாடா சுற்ற அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது.

திரும்பும் வழியில் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஏரோப்ளேனா இருந்திருந்தா இத்தனை கேள்வி கேட்டிருப்பேன். அங்க கையெழுத்துப் போடணும். படகுக்குக் கையெழுத்துக் கேட்க ஆளில்ல. அதான் கேட்காம விட்டுட்டேன்.”

அந்தச் சொல்லை எங்களால் மறக்க முடியவில்லை. விமான ரேடியோவைப் பழுதுபார்த்தவர் சான்றிதழில் கையொப்பமிட வேண்டும். அதற்கு உரிமம் பெற்றிருக்க வேண்டும். சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்போர் இதனால் ஆகும் செலவையும் காத்திருப்பையும் எண்ணி அலுத்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு வேறு துன்பங்களும் உள. பல தலைமுறை விமானிகள் அறிந்த நார்கோ நிறுவனம் 2011இல் மூடப்பட்டதும், அதன் கருவிகளை வைத்திருந்தோர் தொழிற்சாலையின் துணையை இழந்தார்கள். அலைவரிசை இடைவெளியை 8.33 கிலோஹெர்ட்ஸாகக் குறைக்கும் விதி ஐரோப்பாவில் 2018 ஜனவரியில் முழுமைக்கு வந்தபோது, பழுதே இல்லாத பழைய கருவிகளும் கழற்றப்பட்டன. இருந்தும், அந்தக் கையொப்பம் ஒரு மனிதனைக் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கவைக்கிறது. எங்கள் கடற்கரையில் அதைக் கேட்கவைப்பது மனசாட்சி ஒன்றுதான்.

அதன்பிறகு படகைப் பார்க்காமல் எந்த வயர்லெஸ்ஸையும் சித்தப்பா திருப்பித் தந்ததில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்ற செய்தியைக் கேட்டபடி தொலைக்காட்சியின் முன் அசையாமல் அமர்ந்திருந்தார். அத்தனை தொலைவுக்கு வி.எச்.எஃப். எட்டாது, அதில் மெக்கானிக்கின் குற்றம் ஏதுமில்லை என்று எங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். இருந்தும் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டு மறைந்தார்.

2025 ஜூலையில் வாகைகுளம் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது, ஓடுபாதையும் நீண்டுவிட்டது. ஊருக்குப் போகையில் விமானத்தின் இரைச்சல் கேட்டால் நாங்கள் அண்ணாந்து பார்ப்போம். அதன் ரேடியோவைத் திறந்து பார்த்தவர் யாரோ, எங்கோ கையொப்பமிட்டிருப்பார். சித்தப்பாவின் குறிப்பேடு எங்களிடம்தான் இருக்கிறது. அந்த நாளின் பக்கத்தில் படகின் பெயருக்கு எதிரே அவர் எழுதியிருப்பது இரண்டே சொற்கள்: “நான் கேட்கவில்லை.”